இடது பாதம், அளவு இருபத்திரண்டு

நெல்லித்தோப்பில், மார்க்கெட்டுக்குப் பின்புறத் தெருவில், "புதுநடை" என்றொரு அறக்கட்டளை இருக்கிறது. காலை இழந்தவர்களுக்கு இலவசமாகச் செயற்கைக் கால் செய்து கொடுக்கும் இடம். வருகிறவர்களில் பாதிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். மீதிப் பேர் சாலையிலும் தண்டவாளத்திலும் அடிபட்டவர்கள். சூசைநாதன் அங்கே ஸ்டோர் மேனேஜர். எதை வாங்குவது, எப்போது வாங்குவது, யாரிடம் வாங்குவது, எல்லாமே அவர்தான். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வேலையைச் செய்துவந்தார்.

ஒரு காலுக்குள் எவ்வளவோ இருக்கிறது. ரப்பர் பாதம் இடது வலது என்று இரண்டு வகை, ஒவ்வொன்றிலும் எட்டு அளவு. முட்டி ஜாயிண்ட், பைப், வெட்டியது போக மிஞ்சிய துண்டுக்காலைப் பொருத்தும் குழிவான கிண்ணம் செய்யப் பிளாஸ்டிக் ஷீட், பெல்ட், உறை. ஏதாவது ஒன்று இல்லையென்றால் மற்றதெல்லாம் இருந்தும் கால் ஆகாது. ஆரம்பத்தில் மாதம் பத்துப் பன்னிரண்டு கால் செய்தார்கள். அந்தக் காலத்தில் சூசைநாதன் எதையும் எழுதி வைத்ததில்லை. அலமாரியைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பார். எது குறைகிறது என்று சொல்லிவிடுவார். "நமக்கெதுக்கு கம்ப்யூட்டரு, சூசை சார் இருக்காரே" என்று பட்டறையில் பேசிக்கொள்வார்கள். அதைக் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டு, ஸ்டோருக்குள் வந்து தனியே சிரித்துக்கொள்வார்.

பிறகு காரைக்காலிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மாதம் நாற்பது, நாற்பத்தைந்து கால் என்றாகிவிட்டது. சூசைநாதனுக்கும் ஐம்பத்தேழு வயது. சில நாள் அலமாரியைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் நிற்பார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, மனைவி ஸ்டெல்லாமேரியிடம்கூட.

அந்த வருஷம் மார்ச் மாதம் வீராம்பட்டினத்திலிருந்து சின்னப்பொண்ணு என்ற அம்மா வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மீன் விற்கிறவர். சர்க்கரையில் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்திருந்தார்கள். பட்டறையில் மரிய அருண் அளவு எடுத்தான். எப்போது தயாராகும் என்று கேட்டதற்கு, ஒரு மாதம் என்று சொன்னார்கள்.

"ஆடி அஞ்சாம் வெள்ளிக்கு எங்க அம்மனுக்குத் தேரு. அதுக்குள்ள நின்னுடணும் சாரு" என்றார் சின்னப்பொண்ணு.

"ஆடிக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கும்மா" என்று சூசைநாதன் சிரித்தார்.

அந்த அம்மாவுக்கு வேண்டியது இடது பாதம், அளவு இருபத்திரண்டு. அவ்வளவு சின்ன அளவு கைவசம் இல்லை. கம்பெனியில் சின்ன அளவுகளை மாதம் ஒருமுறைதான் அச்சில் போடுவார்கள். ஐந்தாம் தேதிக்குள் ஆர்டர் போய்ச் சேர்ந்தால் மாதக் கடைசியில் சரக்கு வந்துவிடும். சூசைநாதன் அந்த ஆர்டரைக் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டதாகவே மனதில் இருந்தது.

ஏப்ரல் பத்தாம் தேதி சின்னப்பொண்ணு ஊன்றுகட்டைகளோடு பஸ் ஏறி வந்தார். சூசைநாதன் அலமாரியைத் திறந்தார். இருபத்திரண்டு இல்லை. எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. வெளியே வந்து, "கம்பெனியிலேருந்து இன்னும் வரலம்மா" என்றார். சொல்லும்போது ஒரு தடங்கலும் இல்லை. அதுதான் பின்னால் அவரை அதிகமாக உறுத்தியது. யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அன்று மாலை சப்ளையர் அப்துல் முத்தலிபுக்கு போனில் குரல் செய்தி அனுப்பி ஆர்டர் கொடுத்தார். ஏப்ரல் அச்சு முடிந்துபோயிருந்தது, மே மாத அச்சில்தான் ஆகும். மே மாதமும் அந்த அம்மா வந்து வெறுங்கையோடு திரும்பினார். ஜூன் முதல் வாரம் பார்சலைப் பிரித்தால் உள்ளே இருந்தது வலது பாதம்.

"மாத்தி அனுப்பிட்டான்மா. இந்தக் கம்பெனிக்காரனுங்களே இப்படித்தான்."

சின்னப்பொண்ணு பெஞ்சில் உட்கார்ந்து அந்த ரப்பர் பாதத்தை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது, இன்னொரு பக்கத்துக் காலு" என்றார்.

ஜூலையிலும் ஒருமுறை வந்து போனார். ஜூன் அச்சுக்குத் தேதி தாண்டிவிட்டதால் சரியான பாதம் ஜூலைக் கடைசியில்தான் வந்தது. ஆனால் இவ்வளவு மாதத்தில் துண்டுக்கால் சுருங்கிவிட்டிருந்தது. மார்ச்சில் செய்த குழி லொடலொடவென்று ஆடியது. மறுபடி அளவு எடுத்து, மறுபடி செய்து, பொருத்தி முடிப்பதற்குள் தேர் ஓடிவிட்டது. ஆகஸ்டு கடைசியில்தான் சின்னப்பொண்ணு எழுந்து நின்றார்.

செப்டம்பரில் ஒருநாள் அவர் தன் காலாலேயே நடந்து வந்து, சூசைநாதனின் மேஜை மேல் ஒரு பையை வைத்தார். உள்ளே ஒரு முழு வஞ்சிரம். "உன்னாலதான் சாரு எழுந்து நின்னேன்" என்றார். சூசைநாதன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார். வீட்டில் ஸ்டெல்லாமேரி குழம்பும் வறுவலுமாக வைத்தாள். அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

நவம்பரில் பிரான்சிலிருந்து ஒரு கடிதம் வந்தது. துலூஸ் நகரத்தில் குடியேறிவிட்ட ஒரு புதுச்சேரிக் குடும்பம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பழைய சொல்தா ஒருவரின் பிள்ளைகள். அப்பாவின் நினைவாக மையத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பொருள்கள் வாங்குவதை முன்கூட்டித் திட்டமிடும் சாப்ட்வேர் ஒன்று இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு உதவுவதாகக் கேள்விப்பட்டோம், விருப்பமென்றால் அதன் செலவை நாங்கள் ஏற்கிறோம் என்பது கடிதத்தின் சாரம்.

மையத்தின் செயலாளர் ஜஹபர் நிஷா. கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். எதையும் அவசரப்பட்டு வாங்குகிறவர் இல்லை, எதையும் அவசரப்பட்டு மறுக்கிறவரும் இல்லை. அந்த சாப்ட்வேரை விற்கும் சிலம்பரசன் என்பவரை வரவழைத்தார். சிலம்பரசன் சுவரில் படம் போட்டுக் காட்டினார். எந்த மாதம் எந்தப் பொருள் எவ்வளவு தேவைப்படும், எது தீரப்போகிறது, எந்தத் தேதிக்குள் ஆர்டர் கொடுக்க வேண்டும், எல்லாம் கோடும் கட்டமுமாக ஓடியது.

"உங்க பழைய ஆர்டர் விவரமெல்லாம் எதுல சார் இருக்குது?" என்று அவர் கேட்டார்.

சூசைநாதன் தன் நெற்றியில் விரலால் இரண்டு தட்டு தட்டினார். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். சிலம்பரசனும் சிரித்தார். ஜஹபர் நிஷா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் அவர் சூசைநாதனைக் கூப்பிட்டார். "படத்துல பாக்கறதுக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நமக்கு வேணுமா வேணாமான்னு அத வச்சு முடிவு பண்ண முடியாது. நீங்க ஒரு வேலை பண்ணுங்க. ரெண்டு வருஷத்துல எந்தெந்தப் பொருள் இல்லாமப் போச்சு, எப்ப, யாரு காத்திருந்தாங்க, ஏன் இல்லாமப் போச்சு. இத மட்டும் எழுதிக் குடுங்க. அந்த 'ஏன்' தான் எனக்கு முக்கியம்."

"எனக்குத் தெரிஞ்சு தேவையே இல்ல மேடம்."

"இருக்கட்டும். எழுதிக் குடுங்க."

பட்டறையின் நோயாளிப் பதிவேட்டை வைத்துக்கொண்டு சூசைநாதன் ஒரு வாரம் உட்கார்ந்தார். பதினேழு தடவை தட்டுப்பாடு வந்திருந்தது. அவரே அவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. பதினேழு பேர் பெயர், எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்ற கணக்கு. 'ஏன்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. முதல் வரியில் "சப்ளையர் தாமதம்" என்று எழுதினார். இரண்டாவதிலும் அதையே எழுதினார். எழுத எழுத கை பழகிவிட்டது. பதினான்கு இடத்தில் "சப்ளையர் தாமதம்", இரண்டு இடத்தில் "திடீர் அளவெடுப்பு முகாம்". சின்னப்பொண்ணு பெயருக்கு நேரே, "சப்ளையர் தவறான பாதம் அனுப்பினார்". கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சாப்ட்வேர் வராது, தன் இடம் தன்னிடமே இருக்கும் என்பதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை.

ஜஹபர் நிஷா அந்தத் தாளை நம்பினார். நம்பியதால் நியாயமான முடிவுக்கும் வந்தார். தாமதம் சப்ளையருடையது என்றால் எந்த சாப்ட்வேரும் அதைச் சரிசெய்யாது. அது வேண்டாம். துலூஸ்காரர்களிடம் பிளாஸ்டிக் ஷீட் சூடாக்க இன்னொரு அடுப்பு கேட்கலாம். சப்ளையரை மாற்றிவிடலாம்.

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சூசைநாதன் எதிர்பார்க்கவில்லை. "மாத்தணுமா மேடம்? ரொம்ப வருஷமா குடுக்கறவரு" என்று சொல்லிப் பார்த்தார்.

"பதினேழுல பதினஞ்சு. நீங்களே எழுதியிருக்கீங்க. காலு இல்லாதவங்க காத்திருக்காங்க, நாம பழக்கம் பாக்க முடியுமா?"

அப்துல் முத்தலிபுக்குக் கடிதம் போயிற்று.

மூன்றாம் நாள் காலை முத்தலிப் வந்தார். சூசைநாதனைவிட இரண்டு மூன்று வயது குறைவு. மருத்துவப் பொருள்களுக்கு ஏஜென்சி எடுத்துச் சின்னதாக நடத்திவருபவர். அவர் வியாபாரத்தில் பாதிக்கு மேல் இந்த மையம்தான். ஸ்டோருக்குள் வந்து கதவைச் சாத்தினார். கடிதத்தை மேஜை மேல் வைத்தார். கோபமாகப் பேசுவார் என்று சூசைநாதன் எதிர்பார்த்தார். முத்தலிப் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தாமதம்னு எழுதியிருக்கு. தப்பான சரக்குன்னு எழுதியிருக்கு. இது யாரு சார் எழுதுனது?"

சூசைநாதன் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

முத்தலிப் தன் போனை எடுத்தார். "நீங்க எழுதி ஆர்டர் குடுக்கற ஆளு கெடையாது. எல்லாம் போன்லயே பேசி அனுப்பிச்சுடுவீங்க. நான் ஒண்ணையும் அழிக்கல." விரலால் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தி, போனை மேஜை நடுவில் வைத்தார்.

போனிலிருந்து சூசைநாதனின் குரலே வந்தது. பின்னணியில் ஸ்கூட்டர் சத்தம். "முத்தலிப், ஒரு இருபத்திரண்டு பாதம் விட்டுப்போச்சு. வலது. வலது இருபத்திரண்டு. அவசரம்ப்பா, ஒரு அம்மா காத்துகினு இருக்காங்க."

வலது என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். எவ்வளவு நிச்சயமான குரல்! தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம் வரவில்லை, அதுதான் கொடுமை. இருபது வருஷமாக எல்லாரும் நம்பியது இந்தக் குரலைத்தான்.

"இன்னும் இருக்கு. போடட்டுமா?" என்றார் முத்தலிப்.

"வேணாம்."

"மேடத்துக்கிட்ட இத போட்டுக் காட்டலாம்னுதான் கெளம்பி வந்தேன். வாசல் கேட்டத் தாண்டுனா மொதல்ல உங்க ரூமுதான் வருது. எங்க ஃபரீஹா கல்யாணத்துக்கு மொத ஆளா வந்து பந்தியில நின்னவரு நீங்க. உங்கள தாண்டிப் போக எனக்குக் காலு வரல."

சூசைநாதன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு நாள் குடு முத்தலிப்" என்றார்.

"குடுக்கறேன். ஆனா நீங்களே சொல்லிடுங்க. என்ன சொல்ல வச்சுடாதீங்க."

போகும்போது முத்தலிப் வழக்கம்போல் கை கொடுத்தார். அந்தக் கையைப் பிடித்தபோது சூசைநாதனுக்குத் தன் உள்ளங்கை வேர்த்திருப்பது தெரிந்தது. முத்தலிபுக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்கு அரைமணி முன்பே கோயிலுக்குப் போனார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு நான்கைந்து பேர் வரிசையில் நின்றார்கள். ஸ்டெல்லாமேரி போய் நின்றாள். சூசைநாதன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். சாமியாரிடம் சொல்வது கஷ்டம் என்று தோன்றவில்லை. சுலபம் என்று தோன்றியது. திரைக்கு இந்தப் பக்கம் முகம் தெரியாமல் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். அப்படி வந்துவிட்டால் மற்றவர்களிடம் சொல்ல மாட்டோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பூசையில் எல்லாரும் திவ்ய நற்கருணை வாங்கப் போனபோதும் அவர் எழுந்து போகவில்லை. ஸ்டெல்லாமேரி திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து அவள் சமைக்கத் தொடங்கியபோது, அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"சின்னப்பொண்ணுன்னா, அந்த வஞ்சிரம் குடுத்தாங்களே, அந்த அம்மாவா?"

"ஆமா."

ஸ்டெல்லாமேரி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நல்லா இருக்குதுன்னு ரெண்டாவது தடவ வாங்கி சாப்ட்டீங்க" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பிறகு, "நாளைக்கே போயி சொல்லிடுங்க. நான் வேணா கூட வரட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினார்.

அன்று மதியமே முத்தலிபின் கடைக்குப் போனார். போனிலிருந்த இரண்டு வருஷக் குரல் செய்திகளையும் தேதி வாரியாகப் போட்டுக் கேட்டார். முத்தலிப் பக்கத்தில் உட்கார்ந்து தேதிகளைச் சொல்ல, சூசைநாதன் எழுதினார். தன் குரலை அவ்வளவு நேரம் கேட்டது அவருக்கு அதுதான் முதல் தடவை. சில செய்திகளில் அவர் முத்தலிபை அதட்டியிருந்தார். "சீக்கிரம் அனுப்புப்பா, உன்னாலதான் லேட்டாவுது" என்று, தானே பத்து நாள் தாமதமாகக் கொடுத்த ஆர்டருக்கு. அந்த இடம் வந்தபோது முத்தலிப் எழுந்து டீ வாங்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை புதுத் தாளை ஜஹபர் நிஷாவின் மேஜையில் வைத்தார். அதே பதினேழு. பதினோரு இடத்தில் 'ஏன்' என்பதற்கு நேரே தன் பெயரை எழுதியிருந்தார். மறந்துவிட்டேன், தேதி தவறவிட்டேன், தவறாகச் சொன்னேன் என்று. நான்கு இடத்தில், பட்டறையிலிருந்து அளவு தாமதமாக வந்தது. ஒன்று திடீர் முகாம். ஒன்றே ஒன்று முத்தலிபின் தாமதம்.

ஜஹபர் நிஷா பழைய தாளை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மொத தாள எழுதறப்ப இது உங்களுக்குத் தெரியாதா? இல்ல, தெரிஞ்சேதான் எழுதுனீங்களா?"

இந்தக் கேள்வியை மட்டும் அவர் கேட்டுவிடக் கூடாது என்று சூசைநாதன் வரும் வழியெல்லாம் நினைத்திருந்தார்.

"தெரிஞ்சேதான் மேடம்."

வெளியே பட்டறையில் யாரோ பைப் அறுக்கும் சத்தம் கேட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த ராஜினாமாக் கடிதத்தை எடுத்து நீட்டினார். ஜஹபர் நிஷா அதை வாங்கவில்லை.

"இது உங்களுக்கு ஈஸி. இத வாங்கிட்டா இந்தத் தாள் அந்த அலமாரிக்குள்ள போயிடும். முத்தலிபுக்கு நான் அனுப்பின கடிதத்த ரத்து பண்ணி இன்னொண்ணு எழுதறேன். அதுல காரணம் நீங்கதான்னு இருக்கும், கீழ நீங்களும் கையெழுத்துப் போடணும். அந்த வீராம்பட்டினத்து அம்மாவ நீங்க போயி பாக்கணும். வெள்ளிக்கிழமை கமிட்டியில இந்தத் தாள நீங்களே படிக்கணும். அதுக்கப்புறமும் போவணும்னு தோணுனா போங்க." பிறகு சொன்னார்: "நானும் ஒரு பக்கந்தான் கேட்டேன். முத்தலிப ஒரு வார்த்த கேக்காம கடிதம் அனுப்பிச்சுட்டேன். அது என் தப்பு."

மறுநாள் சூசைநாதன் ஸ்கூட்டரில் அரியாங்குப்பம் தாண்டி வீராம்பட்டினம் போனார். சின்னப்பொண்ணு கடற்கரைக்குப் போகும் பாதையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சங்கராவும் காரப்பொடி மீனும் விற்றுக்கொண்டிருந்தார். புடவைக்குக் கீழே ரப்பர் பாதம் தெரிந்தது. அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வா சாரு! மீனு வாங்க வந்தியா? உனக்கு இல்லாத மீனா?"

சூசைநாதன் நின்றபடியே சொன்னார். கம்பெனிமேல் தப்பில்லை, நான்தான் ஆர்டர் கொடுக்க மறந்தேன், இரண்டாவது தடவை இடதுக்கு வலது என்று சொன்னதும் நான்தான், உங்களிடம் நாலு தடவையும் பொய் சொன்னேன். வழியில் யோசித்து வைத்திருந்த வேறு சொற்கள் எதுவும் வாயில் வரவில்லை.

சின்னப்பொண்ணின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. புரியப் புரிய மெல்லப் போயிற்று.

"வயசுக்கு வந்த நாளுலேருந்து ஒரு வருசம்கூட தேரு உட்டதில்ல நானு. அந்த வெள்ளிக்கிழம வூட்டுல படுத்துகினு வெடிச் சத்தத்த கேட்டுகினு கெடந்தேன். அந்தக் கம்பெனிக்காரன எப்படியெல்லாம் சாபம் உட்டேன் தெரியுமா? நீ நாசமாப் போவ, உன் புள்ளகுட்டி நடக்காமப் போவன்னு. அம்மன் பேரச் சொல்லி உட்டேன். அந்த ஆளுக்கு ஒண்ணுமே தெரியாதா?"

"தெரியாதும்மா."

"இப்ப அந்தச் சாபத்த நான் எங்க போயி திருப்பி வாங்குவேன்?"

ஒரு பெண் வந்து சங்கரா என்ன விலை என்று கேட்டாள். சின்னப்பொண்ணு அவளுக்கு மீனைத் தூக்கிக் காட்டி, செவுளை விரித்துக் காட்டி, விற்று முடித்தார். பிறகு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சூசைநாதனைப் பார்க்காமல், "வெயில்ல நிக்காத சாரு. போ" என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சூசைநாதனும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது. தர்மகர்த்தாக்கள் ஐந்து பேர், பட்டறை ஆட்கள், ஒரு மூலையில் முத்தலிப். அவரையும் ஜஹபர் நிஷா அழைத்திருந்தார். சூசைநாதன் எழுந்து பதினேழு வரிகளையும் படித்தார். பதினோரு தடவை தன் பெயரைத் தானே படிக்க வேண்டியிருந்தது. ஆறாவது ஏழாவது தடவையில் காது சூடாகி, எழுத்து மங்கியது. எல்லாரும் தாளைப் பார்ப்பதுபோல் குனிந்திருந்தார்கள். அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று அவர்களாகவே முடிவுசெய்துகொண்டது அவருக்குத் தெரிந்தது. அந்தக் கருணையைத் தாங்குவது மற்ற எல்லாவற்றையும்விடச் சிரமமாக இருந்தது.

படித்து முடித்ததும் மரிய அருண் எழுந்தான். "எங்க பக்கம் நாலுன்னு போட்டிருக்காரு. அஞ்சு சார். அந்த காரைக்கால் ஆளுக்கு நான்தான் அளவ ஒரு வாரம் கழிச்சு குடுத்தேன். அவரு தன் பேர போட்டுகினு இருக்காரு" என்றான்.

ஒரு தர்மகர்த்தா, "அப்ப சாப்ட்வேர் வாங்கிடலாம்ல, இதோட பிரச்சினை தீந்துது" என்றார்.

ஜஹபர் நிஷா மறுத்துத் தலையாட்டினார். "இவரு தப்பு பண்ணிட்டாருங்கறதுக்காக வாங்கக் கூடாது. அளவு எடுத்த அன்னிக்கே சொல்லலன்னா சாப்ட்வேருக்கும் தெரியாது. நாளைக்கு இவரு எடத்துல வேற யாராவது வந்தாலும் இந்த வேலை ஒரு ஆளு தலைக்குள்ள அடங்குமா, அதத்தான் பாக்கணும். மூணு மாசம் கையால செஞ்சு பாப்போம். அளவு எடுத்த அன்னிக்கே பலகையில எழுதணும். ஆர்டர் எழுத்துல மட்டுந்தான் போவணும். முத்தலிப் திருப்பிப் படிச்சு சரின்னு சொல்லணும். அதுக்கப்புறமும் எது விட்டுப்போவுதோ, அதுக்குத்தான் மெஷின் வேணும்."

அந்த மூன்று மாதம் சூசைநாதன் வேலையை விடவில்லை. விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்தார். பட்டறைச் சுவரில் பெரிய வெள்ளைப் பலகை மாட்டினார்கள். தினமும் காலையில் எல்லார் முன்னிலையிலும் நின்று பலகையைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். முதல் வாரம் அவர் மூன்று பொருளை எழுதாமல் விட்டுவிட்டார். சுவரில் இருந்ததால் வேறொருவர் பார்த்துச் சொன்னார். அப்போதுதான், இத்தனை நாள் விட்டுப்போனபோது சொல்வதற்கு யாருமே இல்லாதபடி செய்து வைத்திருந்தது தான்தான் என்பது அவருக்குப் புரிந்தது.

மறதியால் வந்த தட்டுப்பாடு நின்றுபோயிற்று. பட்டறைத் தாமதம் ஒன்றாகக் குறைந்தது. ஆனால் பிப்ரவரியில் காரைக்காலிலும் கடலூரிலும் ஒரே வாரத்தில் முகாம் நடந்து, அறுபது பேர் அளவு கொடுத்தார்கள். அச்சுத் தேதி, கைவசச் சரக்கு, வரப்போகும் சரக்கு எல்லாவற்றையும் சேர்த்து யோசிக்கப் பலகை போதவில்லை. ஐந்து பேர் காத்திருந்தார்கள். மார்ச் கமிட்டிக்கு சூசைநாதன் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். மறதிக்குப் பலகை போதும், முன்கூட்டிப் பார்க்க சாப்ட்வேர் தேவை, ஆனால் நமக்கு வேண்டியது சிலம்பரசன் காட்டியதில் நாலில் ஒரு பங்குதான் என்று. "தேவை" என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருந்தார். சிலம்பரசனே சின்னதாக ஒன்று அமைத்துக் கொடுத்தார். துலூஸ்காரர்கள் அதற்கும் பணம் கொடுத்து, மிச்சத்தில் அந்த அடுப்பையும் வாங்கிக் கொடுத்தார்கள்.

முத்தலிப் இன்றும் அவர்களுக்குச் சரக்கு தருகிறார். சூசைநாதனோடு பேச்சு உண்டு, டீ உண்டு. முன்புபோல வீட்டுக்கு வருவது மட்டும் குறைந்துவிட்டது. பெருநாளுக்கு பிரியாணி வந்தது, கொண்டுவந்தது அவர் இல்லை.

இந்த வருஷம் காலாப்பட்டு பக்கத்தில் முதியோர் இல்லம் நடத்தும் பாக்கியலட்சுமி என்ற அம்மா மையத்துக்கு வந்தார். அவர்கள் இல்லத்தில் மருந்தும் அரிசியும் அடிக்கடி தீர்ந்துபோகிறதாம். "எந்த சாப்ட்வேர் சார் வச்சிருக்கீங்க? அவரு நம்பர் குடுங்க" என்று கேட்டார்.

சூசைநாதன் சிலம்பரசனின் எண்ணை எழுதிக் கொடுத்தார். அந்த அம்மா எழுந்தபோது, "கொஞ்சம் உக்காருங்க" என்றார். "வாங்கறதுக்கு முன்னாடி, எது எப்ப ஏன் தீந்துதுன்னு ஒரு தாள்ல எழுதுங்க. வாங்கற பொறுப்புல இருக்கறவர மட்டும் எழுதச் சொல்லாதீங்க. கடைக்காரரையும் கேளுங்க."

"ஏன் சார், எங்க ஆளு நல்ல ஆளுதான்."

"நானும் நல்ல ஆளுதாங்க" என்றார் சூசைநாதன். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். எத்தனையாவது தடவையாகவோ சொல்கிறார். இப்போதும் சின்னப்பொண்ணு மீன் கொண்டுவந்து கொடுத்த இடம் வரும்போது அவர் குரல் இறங்கிவிட்டது, பாக்கியலட்சுமி நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது.